கலந்து தரும் மருந்தும் இரண்டு லைசென்சும்

டாக்டர் சீட்டைப் பார்த்துக் கம்பவுண்டர் கலந்து கொடுத்த மிக்சரை நம் வணிகப் பெருமக்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் மருந்துக் கடைகள் இன்றும் இப்படிக் கலந்து தருகின்றன. மாத்திரையை விழுங்க முடியாத குழந்தைக்குத் திரவமாகத் தரவும், ஒவ்வாத பொருளை நீக்கித் தரவும் இது தேவைப்படுகிறது.

அங்கே மருந்துக் கடைக்கு லைசென்ஸ் தருவது மாநில மருந்தக வாரியம். மருந்துத் தொழிற்சாலையைக் கண்காணிப்பது மத்திய அரசின் எஃப்.டி.ஏ. கடை என்ற பெயரில் தொழிற்சாலையே நடந்தால் யார் கேட்பது? இது தெளிவாக இல்லாததன் விலையைப் பாருங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற நிறுவனம் மருந்துக் கடை லைசென்சில் இயங்கியது. 2006-லேயே எஃப்.டி.ஏ. அதற்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. ஆயினும் 2012-ல், முதுகுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி மருந்து 17,000 குப்பிகளுக்கு மேல் அங்கிருந்து 23 மாநிலங்களுக்குப் போயிற்று. அதில் பூஞ்சை கலந்திருந்தது. 750 பேருக்கு மேல் மூளை உறை அழற்சி முதலான நோய்களுக்கு ஆளாயினர். 60 பேருக்கு மேல் இறந்தனர். போலிப் பெயர்களில் சீட்டு எழுதி மருந்து அனுப்பியதும் வழக்கில் வெளிவந்தது. நிறுவனத் தலைவருக்கு 2017-ல் விதித்த 9 ஆண்டுச் சிறை, 2021-ல் பதினான்கரை ஆண்டாக உயர்ந்தது.

2013 நவம்பரில் புதிய சட்டம் வந்தது. அதன்படி,

1. நோயாளி பெயருக்குச் சீட்டு பெற்றுக் கலந்து தருபவர் முன்போலவே மாநில வாரியத்தின் பொறுப்பில் இருப்பார்.

2. சீட்டு இல்லாமல் மொத்தமாகக் கலந்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப விரும்புபவர் எஃப்.டி.ஏ.விடம் பதிவு செய்துகொள்ளலாம். தொழிற்சாலைக்குரிய தரவிதிகளும் சோதனையும் அவருக்கு உண்டு. மருந்தால் கடுமையான கெடுதல் நேர்ந்தால் அவரே தெரிவிக்க வேண்டும்.

பதிவு கட்டாயமல்ல என்பது இதில் ஒரு குறை. ஆனால் பதிவும் இல்லாமல் சீட்டும் இல்லாமல் அனுப்புபவர் சட்ட விலக்கை இழந்துவிடுவார். பதிவு பெற்றவர்களின் பட்டியலை எஃப்.டி.ஏ. வெளியிடுகிறது, வாங்குபவர் பார்த்து வாங்கலாம். எனினும் பதிவு வேறு, மருந்துக்கு அங்கீகாரம் வேறு. கலந்து தரும் மருந்து எதற்கும் எஃப்.டி.ஏ.வின் முன் அங்கீகாரம் கிடையாது.

விற்பதற்கு ஒரு லைசென்ஸ், தயாரிப்பதற்கு ஒரு லைசென்ஸ் எதற்கு என்று நாமும் அலுத்துக்கொள்வதுண்டு. ஒரு சீசாவில் நேரும் பிழை ஒரு வீட்டோடு நிற்கும். மொத்தமாகக் கலந்ததில் நேரும் பிழை சரக்கு போன ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேரும். இந்த வேறுபாட்டுக்காகத்தான் இரண்டு லைசென்ஸ்.