ஒற்றை மூலக்கூறுக்கு ஒரு சோதனைக் குழாய்

முகப்பூச்சு டப்பாவில் ‘லைப்போசோம்’ என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் தாமாகவே கூடி உண்டாக்கும் நுண்பை அது. 1960களில் இங்கிலாந்தின் பேபிரகாமில் அலெக் பாங்கம் கண்டறிந்தது. அது மருந்து சுமப்பது பலருக்கும் தெரியும். அதையே கண்ணாடித் தகட்டில் கட்டிவைத்து, உள்ளே வேதிவினை நடத்துகிறார்கள். என்னை ஈர்த்தது அதுதான்.

காய்ந்த கொழுப்புப் படலத்தில் தண்ணீர் விட்டால் வெள்ளையாகக் கலங்கும். 100 நானோமீட்டர் துளையுள்ள சல்லடைத் தாள் வழியே, இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே மாறி மாறித் தள்ள வேண்டும். வெண்மை குறைந்து, லேசாக நீலம் ஓடிய தெளிவு வரும். பைகள் சிறுத்துவிட்டன என்று கண்ணே சொல்லிவிடும். பையின் தோலில் பயோட்டின் என்ற வைட்டமின், கண்ணாடியில் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம். இரண்டும் கவ்விக்கொண்டால் லேசில் விடாது.

இப்படிப்பட்ட பையின் கொள்ளளவு சுமார் அரை அட்டோலிட்டர். லிட்டரைக் கோடி கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மேலும் 10,000 ஆக்கினால் ஒரு அட்டோலிட்டர். அதற்குள் ஒரே ஒரு மூலக்கூறு இருந்தாலே செறிவு சுமார் 3 மைக்ரோமோலார்! இன்னொன்று சேர்ந்தால் 6. இடைப்பட்ட அளவே கிடையாது. சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழகிய வேதியியலில் இதற்கு இடமே இல்லை.

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கிலாட் ஹரான் குழுவினர், அடினைலேட் கைனேஸ் என்ற நொதியை ஒரு பைக்கு ஒன்றாக அடைத்து, அது மடிவதையும் அவிழ்வதையும் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். கண்ணாடியில் நேரடியாக ஒட்டினால் புரதம் உருக்குலையலாம். நீரில் விட்டால் லேசர் ஒளியைக் கடந்து நொடிப்பொழுதில் ஓடிவிடும். மகளைத் தூளியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் சமைத்திருக்கிறேன். எவ்வளவு உதைத்தாலும் கண்ணைவிட்டுப் போகமாட்டாள். பைக்குள் புரதமும் அப்படித்தான். பார்த்தவரை, ஒவ்வொன்றும் தன் வழியில் மடிந்தது. சில சட்டென்று, சில மெதுவாக.

நம் கல்லூரிகளில் வினைவேகம் என்றால் இன்றும் கோடானுகோடி மூலக்கூறுகளின் சராசரிதான். அந்தச் சராசரிக்குள் இத்தனை வேறுபாடு ஒளிந்திருப்பதை மாணவர்களுக்குச் சொல்லாமலே தேர்வு வைக்கிறோம். இவ்வளவு அருமையான கலத்தை முகப்பூச்சு விளம்பரம் வழியாகத்தான் அவர்கள் அறிய வேண்டுமா?

சுவிட்சர்லாந்தின் லோசானில் ஹோர்ஸ்ட் ஃபோகல் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். பெரிய பைக்குள் சிறு பைகளை அடைத்து, வெப்பத்தால் திறந்தார்கள். கொழுப்பின் தோல் இளகும் நிலையில்தான் அதிகமாகக் கசியும். 14 கார்பன் சங்கிலி கொண்ட கொழுப்பு சுமார் 24 டிகிரி செல்சியஸில் இளகும், 16 கார்பன் கொண்டது 41இல். ஆகவே சிறு பைகளை வெவ்வேறு கொழுப்பால் செய்தால், சூட்டை ஏற்ற ஏற்ற, எந்தப் பொருள் முதலில் கலக்க வேண்டும், எது பிறகு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம்.