கடலடிக் கானகம்

தேசியப் பூங்கா என்றதும் மலைச்சாரலும் வேங்கைப்புலியும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்கள் ஐந்து. கிண்டி, முதுமலை, ஆனைமலை, முக்குருத்தி ஆகிய நான்கும் நிலத்தில் உள்ளவை. ஐந்தாவது கடலுக்குள் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடற்பரப்பையும் உள்ளடக்கியது. இதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். இதனை நடுவமாகக் கொண்டு 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் உருவாக்கப்பட்டது.

இராமநாதபுரம் மாவட்டத்திற்கு இருவேறு கடல்கள் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் நீரிணை. தனுஷ்கோடிப் பகுதி மக்கள் அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும், அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் வழங்குவர். தேவிபட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடையில் அமைந்த திருப்பாலைக்குடி, பெண்கடலின் கரையில் உள்ள மீனவர் ஊராகும். இக்கடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைக்கூடத் தொடுவதில்லை. கதிரவன் ஒளி அடித்தரைவரை செல்வதால், அங்கே கடற்புற்கள் பரந்து வளர்கின்றன. கடற்பாசியைப் போலன்றி, இவை வேர்விட்டுப் பூத்துக் காய்க்கும் உண்மையான தாவரங்கள்.

இப்புல்வெளியில் மேயும் விலங்குதான் கடற்பசு. இப்பகுதி மீனவர் இதனை ஆவுளியா என்பர். மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ எடையும் வரை வளரக்கூடிய இப்பாலூட்டியின் நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? திமிங்கிலம் அன்று, யானை! ஒரு நாளில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ வரை கடற்புல்லை இது உண்ணும். எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய இவ்விலங்கு, ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனுகிறது. அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஒரு தாய்விலங்கு மடிந்தால் அவ்விழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் தேவைப்படுகிறது.

முன்பு ஆவுளியா இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், புலிக்கு அளித்த அதே முதல் அட்டவணையில் இதற்கும் இடமளித்தது. இன்று வேட்டையைவிட வலையே பெரிய ஆபத்து. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து மூச்சுவிட வேண்டிய விலங்கு, செவுள்வலையில் சிக்கினால் மூச்சுத்திணறி இறந்துவிடும். விசைப்படகுகளின் இழுவைமடியோ புல்வெளியையே வாரிச் சென்றுவிடுகிறது. கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிப்பதை 1983ஆம் ஆண்டின் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. இவ்விதியை மீறுவோரால் முதலில் பாதிக்கப்படுபவர் நாட்டுப்படகு மீனவரே. ஆவுளியாவின் நலனும் அவர் நலனும் இங்கே ஒன்றுபடுகின்றன. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்தேனும் கடலில் விடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசும் பாராட்டும் வழங்கி வருகிறது. வலையின் விலையை அறிந்தவர்களுக்கே அச்செயலின் பெருமை புரியும்.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இத்தகையது இதுவே முதலாவது. திருப்பாலைக்குடிக் கடல் அவ்வெல்லைக்குத் தெற்கே உள்ளது. மேய்ச்சலைத் தேடி நீந்தும் விலங்குக்கு மாவட்ட எல்லை தெரியாது. எனவே எல்லைக்கு வெளியே உள்ள ஊராரின் ஒத்துழைப்பும் காப்பகத்திற்கு இன்றியமையாதது.

பாதுகாப்பு என்பது எல்லார்க்கும் ஒரே விலையில் கிடைப்பதன்று. தேசியப் பூங்காவின் தீவுகளைச் சுற்றித் தலைமுறைகளாகக் கடற்பாசி சேகரித்து வந்த பெண்கள், அறிவிப்புக்குப் பின் தம் தொழிலிடத்திலேயே அத்துமீறியோராகக் கருதப்பட்டனர். அவர்களோ பாசி மீண்டும் தழைப்பதற்காக, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது எனத் தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டவர்கள். மறுபுறம், பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததால் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின என்பதையும் மறத்தல் கூடாது. காவலும் வேண்டும், கடலை நம்பி வாழ்வோரின் சொல்லைக் கேட்கும் செவியும் வேண்டும்.

இக்கானகத்தைக் காண விரும்புவோர் எங்குச் செல்லலாம்? பாம்பனை அடுத்த குருசடைத் தீவுக்கு வனத்துறை படகில் அழைத்துச் செல்கிறது. முதுகெலும்பற்றவற்றையும் முதுகெலும்பிகளையும் இணைக்கும் கண்ணியாக நீங்கள் உயிரியல் பாடத்தில் படிக்கும் அரைநாணி, அத்தீவின் மணலில் வாழ்வதாகும். திருப்பாலைக்குடிக்கு வடக்கே, தொண்டிக்குச் செல்லும் வழியிலுள்ள காரங்காட்டில், ஊர்மக்களே வனத்துறையுடன் இணைந்து படகு செலுத்துகின்றனர். அலையாத்திக் காட்டின் ஊடே கழிமுகத்தைக் கடந்து கடற்புல் பரப்பை அடையலாம். திரும்பி வந்ததும் அவ்வூர்ப் பெண்கள் சமைத்த மீனுணவும் கிடைக்கும்! வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெண்கடல் கலங்கிவிடும். அப்போது செல்வதால் பயனில்லை.

ஆவுளியாவை நேரில் காண்பது, முதுமலையில் புலியைக் காண்பதைவிடவும் அரிது. ஆயினும் புலியின் காலடித் தடத்தைத் தேடுவதுபோல, ஆய்வாளர்கள் இதன் மேய்ச்சல் தடத்தைத் தேடுகின்றனர். புல்லை வேரோடு பிடுங்கி உண்டபடியே நகர்வதால், ஏர் உழுத சால்போல ஒரு வெறுங்கோடு அடித்தரையில் பதிகிறது. அந்தச் சாலில் இன்னும் புல் முளைக்கவில்லை எனில், ஆவுளியா அண்மையில்தான் அங்கு மேய்ந்து சென்றிருக்கிறது.