செங்காங்கில் ஓர் ஆசிரியக் குடும்பம்



சென்ற ஆண்டிறுதி விடுமுறைக்குச் சில நாட்கள் முன்பு, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாயார் மாலை வேளையில் நம் பள்ளிக்கு வந்தார். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு கடிதம் இருந்தது. மகனும் மருமகளும் பட்டதாரிகள். இருவருக்கும் சீன நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். முகவர் ஒருவர் முன்பணம் கேட்கிறாராம். "தாலிக்கொடியை அடகு வைக்கலாமுன்னு இருக்கேன், வாத்தியாரய்யா. இதைப் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

படித்தோம். சம்பளம், வீடு, விமானச் சீட்டு எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தது. மூன்றாம் பத்தியில் ஒரு வரி. முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், வேலை விசாவை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்த வரியைக் கண்டதும் நாம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டோம்.

ஏனென்று அந்தத் தாயாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறோம். சீனாவில் வேலை செய்யப் போகிறவர் புறப்படுவதற்கு முன்பே 'இசட்' வகை வேலை விசா வாங்கியிருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வகுப்பில் நின்றால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் அபராதம், காவல், நாடு கடத்தல் என்று போகும். அகப்படுவது ஆசிரியர்தான், முகவர் அல்ல. இன்னொன்றும் உண்டு. ஆங்கில ஆசிரியர் வேலைக்குப் பொதுவாக அங்கே கேட்பது பட்டத்தோடு, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டின் கடப்பிதழையும்தான். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று அந்தப் பட்டியல் போகும். நம் நாடு அதில் இல்லை. போதாததற்கு, 2021 ஜூலையில் சீன அரசு தனியார் டியூசன் வகுப்புகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. பல நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றில் கற்பித்த வெளிநாட்டார் பலருக்கு வேலை போயிற்று.

சரியான தாளோடு போகிற வெள்ளைக்கார இளந்தம்பதியருக்கு அங்கே வாழ்க்கை மோசமில்லை. ஓராண்டு ஒப்பந்தம் போடுவார்கள். பல பள்ளிகள் குடியிருக்க வீடும் தரும். பகல் உணவுக்குப் பின் மாணவர்கள் சற்றே கண்ணயர நேரம் ஒதுக்கும் பள்ளிகளும் நிறைய. அதைக் கேள்விப்பட்டதும், நம் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் சீனாவுக்கே போய்ப் படிக்கலாமே என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் பிள்ளைகளைப் பட்டம் வரை படிக்க வைத்த ஒரு தாயாரிடம் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண், கணவரோடு சிங்கப்பூரில் இதே ஆசிரியத் தொழிலில் இருக்கிறார். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்த்து வந்து சொல்கிறோம் என்றோம். விடுமுறையில் போய் மூன்று நாட்கள் தங்கி வந்தோம்.

ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டுவதற்கு நீளம் ஒரு கிலோமீட்டர்தான். 1924-இல் திறந்த அந்தப் பாலத்தில் நாம் நின்ற நேரம் மட்டும் ஒன்றரை மணி. அங்கிருந்து பேருந்து, பிறகு ரயில். செங்காங் தீவின் வடகிழக்குப் பக்கம் இருக்கிறது. பெயருக்குச் சீன மொழியில் 'செழிப்பான துறைமுகம்' என்று பொருள். முன்பு அது காங்கார் என்ற மீனவர் கிராமம். சுற்றிலும் ரப்பர், மிளகு, அன்னாசித் தோட்டங்கள் இருந்தனவாம். இன்று ஒரு பால்மரம் இல்லை. ரிவர்வேல், கம்பஸ்வேல், ஆங்கர்வேல், ஃபெர்ன்வேல் என்று பெயர் வைத்த அடுக்குமாடி வீடுகள்தான் கண்ணுக்கு எட்டிய மட்டும். வீடுகளுக்கு நடுவே ஓட்டுநரே இல்லாத சின்ன ரயில் 2003 முதல் ஓடுகிறது. சிறு பிள்ளைகள் அதன் முன் சன்னலுக்குச் சண்டை போடுவதைப் பார்த்தோம். நமக்கும் அந்த இடத்தில் நிற்க ஆசைதான்.

தம்பதியர் இருப்பது ஒரு வீட்டின் ஓர் அறையில். வீட்டுக்காரர் வயதான சீன அம்மாள். இவர்கள் அவரை 'ஆன்ட்டி' என்கிறார்கள். அடுக்களையில் மாலை ஆறிலிருந்து ஏழு மணி வரை இவர்கள் சமைக்கலாம். கருவாடு மட்டும் கூடாது. அதற்குப் பதிலாக, அம்மாள் பூஜைக்கு ஊதுபத்தி ஏற்றும்போது இவர்கள் சன்னலைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். எழுதாத ஒப்பந்தம் அது. எழுதிய ஒப்பந்தமும் இருக்கிறது. அரசாங்க அடுக்குமாடியில் அறை வாடகைக்கு எடுத்தால் குறைந்தது ஆறு மாதம் என்பது விதி. ஆகவே, ஒரு மாதம் இருந்து பார்க்கலாம் என்று யாராவது அறை காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள்.

பெண்ணுக்குப் பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் வேலை. காலை ஏழரைக்குப் போனால் மாலை ஐந்தரைக்கு வருகிறார். கணவருக்கு டியூசன் நிலையத்தில் ஆங்கிலம். பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்த பிறகுதானே டியூசன்? அதனால் அவர் பகல் ஒன்றரைக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதரைக்குத் திரும்புகிறார். சனிக்கிழமை முழுநாளும் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை பகல் வரை வகுப்பு. மனைவிக்கு ஓய்வான நாளில் கணவருக்கு ஓயாத வேலை. ஒரே அறையில் வாழ்ந்தும் வாரத்தில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது ஞாயிறு இரவு ஒரு வேளைதான். மற்ற நாட்களில் சோற்றுச் சட்டியின் மூடி மேல் துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். நாம் இருந்த அன்று 'ரசம் கீழ்த்தட்டில். ஆன்ட்டிக்கு மின்சாரப் பணம் கொடுத்தாச்சு' என்று இருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில் சொகுசாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, ஏன் தினமும் பேசுவதில்லை என்று கோபித்துக்கொள்ளும் பெற்றோர்களுக்காகவே இதை விரிவாகச் சொல்கிறோம்.

இனி வகுப்பறைக்குப் போவோம். சிங்கப்பூரில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அதிகாரத்துவ மொழிகள். பள்ளியில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். தாய்மொழி ஒரு பாடம். 2020 மக்கள் தொகைக் கணக்குப்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. ஆகவே அந்தப் பெண்ணின் முன்னால் வந்து உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பலர், அப்பா அம்மா தமிழராக இருந்தும் ஆங்கிலத்திலேயே அழுது ஆங்கிலத்திலேயே சிரிக்கிறவர்கள்.

அவர்களுக்கு எந்தத் தமிழைச் சொல்லிக் கொடுப்பது? 'நாய் வந்தது' என்பதா, 'நாய் வந்துச்சு' என்பதா? நாம் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தக் கேள்வியையே கேட்கக்கூடாது. பேச்சுத் தமிழைக் கரும்பலகையில் எழுதினால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். சிங்கப்பூரில் 2005-இல் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, நல்ல பேச்சுத் தமிழை வகுப்பில் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. வீட்டில் பேசிப் பழகாத பிள்ளைக்கு எழுத்துத் தமிழை மட்டும் கொடுத்தால், அது கடையில் ஒரு வாழைப்பழம் கூட வாங்க முடியாத தமிழாகிவிடும் என்பது நம் கருத்தும்கூட. இதை ஒத்துக்கொள்ள நமக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

"எங்கம்மா பெரட்டுக்குப் போறப்போ என்னை எழுப்பின தமிழைத்தான் சார் இங்கே பாடமா நடத்துறேன்" என்றார் அந்தப் பெண். ஒருநாள் பிள்ளைகளிடம் தம் அம்மா தோட்டத்தில் வேலை செய்தவர் என்று சொன்னாராம். உடனே ஒரு குட்டிப் பையன், அவர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாரா என்று கேட்டிருக்கிறான். தோட்டம் என்றால் அவனுக்குப் பூந்தோட்டம்தான் தெரியும். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஒட்டுப்பாலும் ரப்பர் கொட்டையும் கொண்டுபோய் மேசையில் வைத்துப் பாடம் நடத்தினாராம். வகுப்பு முழுதும் ஒட்டுப்பால் நாற்றம். தலைமையாசிரியை வந்து எட்டிப் பார்த்தாராம்.

கணவரின் வகுப்பில் உட்காருபவர்கள் பெரும்பாலும் சீனப் பிள்ளைகள். சிலர் சீனாவிலிருந்தே வந்து சேர்ந்தவர்கள். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாம் போனேன், போகிறேன், போவேன் என்று வினைச்சொல்லை மாற்றிக் காலம் காட்டுகிறோம். சீன மொழியில் வினைச்சொல் அப்படி உருமாறுவதில்லை. 'நேற்று' என்ற சொல்லோ வேறு ஒரு சிறு துணைச் சொல்லோ சேர்ந்து காலத்தைத் தெரிவித்துவிடும். ஆகவே அந்தப் பிள்ளை ஆங்கிலத்திலும் 'நேற்று நான் போ' என்கிற மாதிரியே எழுதும். சோம்பலால் செய்யும் பிழை அன்று அது. தாய்மொழியின் பழக்கம். ஆங்கிலத்தை மூன்றாம் மொழியாகத் தட்டுத் தடுமாறிக் கற்ற நம் தோட்டத்துப் பையனுக்கு இது சட்டென்று புரிகிறது. பலகையில் நேற்று, இன்று, நாளை என்று மூன்று பெட்டி வரைந்து, வினைச்சொற்களை அட்டையில் எழுதி, அந்தந்தப் பெட்டியில் பிள்ளைகளையே ஒட்ட வைக்கிறார். ஒரு மணி நேரம் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பார்த்தோம். அந்த உத்தியை நாமும் கொண்டு வந்துவிட்டோம்.

சம்பளக் கணக்கு எல்லாரும் கேட்பது. சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கிடைக்கிறது, உண்மை. ஆனால் சோறும் அறையும் சிங்கப்பூர் வெள்ளியில்தான். மேலும், வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டாருக்கு அங்கே சேமநிதிப் பிடித்தம் கிடையாது. முதலாளி போடும் பங்கும் கிடையாது. நீங்கள் தோட்டத்தில் வாங்கும் சம்பளத்தில் ஊழியர் சேமநிதி தானாகப் போய்விடுகிறது. அவர்கள் தாமாகவே எடுத்து வைத்தால்தான் உண்டு. விரும்பினால் நம் நாட்டுச் சேமநிதியில் சொந்தமாகக் கட்டலாம். இவர்கள் இருவரும் கட்டுகிறார்கள். வருமான வரியையும் மாதாமாதம் பிடிப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கேட்டுக் கடிதம் வரும். முதல் ஆண்டு அந்தக் கடிதம் வந்தபோது கையில் காசில்லாமல் நண்பரிடம் கடன் வாங்கியதாகச் சொன்னார்கள்.

தம்பதியராகப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஒருவருக்கு வேலை அனுமதி கிடைத்து மற்றவர் சார்ந்திருப்போர் அனுமதியில் போனால், அந்த மற்றவர் அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. முன்பு தனிக் கடிதம் வாங்கிச் செய்யலாம். 2021 மே முதல் தேதியிலிருந்து அவருக்கும் சொந்தமாக வேலை அனுமதி வேண்டும். இவர்கள் கல்யாணமாகிப் பதினான்கு மாதம் பிரிந்திருந்ததற்கு அதுதான் காரணம். பெண்ணுக்கு முதலில் கிடைத்தது. கணவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் காத்திருந்தார். அனுமதியில் முதலாளியின் பெயர் இருக்கும். வேறு நிலையத்துக்கு மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், வேலை தேடுபவரிடம் ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில்தான் வாங்கலாம். எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. உரிமம் உண்டா என்று மனிதவள அமைச்சின் பட்டியலில் பார்க்கலாம். உங்கள் கடப்பிதழை முதலாளியிடமும் முகவரிடமும் விட்டு வைக்காதீர்கள்.

ஞாயிறு மாலை இருவரும் நம்மைத் தேக்காவுக்கு அழைத்துப் போனார்கள். செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா ஒன்பதாவது நிலையம், ரயில் மாறத் தேவையில்லை. சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. வாரம் முழுதும் கட்டடத்தில் உழைத்த தமிழ்நாட்டு, வங்காளத் தொழிலாளர்கள் புல்வெளியில் குந்தியிருந்து வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தேக்கா சந்தையில் கருவேப்பிலையும் ஆட்டிறைச்சியும் வாங்கினோம். கருவாட்டுக் கடையைப் பெண் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பக்கத்தில் பியட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. ஆசிரியர் என்ற ஆசையில் வாசல் வரை போய்ப் பார்த்தோம். கடையநல்லூர் முஸ்லிம் அன்பர்கள் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி பிறகு உயர்நிலைப்பள்ளியாகி, 1982-இல் மூடப்பட்டது. சிங்கப்பூரில் கடைசியாக இருந்த தமிழ்ப்பள்ளி அதுதான். தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் இப்போது இந்த நிலையத்துக்கு வந்து படிக்கிறார்கள். நம் நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் படித்த ஒரு பெண் அங்கே போய்த் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார் என்ற எண்ணத்தோடு அந்த வாசலில் சற்று நின்றோம்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் அந்தத் தாயார் வந்தார். பார்த்ததையெல்லாம் சொன்னோம். கருவாட்டுச் செய்திக்கு நன்றாகச் சிரித்தார். மருமகள் பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னார். மகன் முகவருக்குப் பணம் வராது என்று எழுதிவிட்டானாம். "அந்தக் கடுதாசி உங்ககிட்டயே இருக்கட்டும், வாத்தியாரய்யா. வேற யாராச்சும் தூக்கிக்கிட்டு வந்தா காட்டுங்க" என்றார். அது இப்போது பள்ளி அலமாரியில், மூன்றாம் பத்தியில் சிவப்புக் கோடு போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.