நடைச் செருப்பு

நடைச் செருப்பு என்பது நீண்ட தூரம் நடப்பதற்கும், கரடுமுரடான மலைப்பாதைகளில் ஏறி இறங்குவதற்கும் ஏற்றவாறு அமைக்கப்பட்ட திறந்த காலணி ஆகும். கால்விரல்களும் புறங்காலும் காற்றோட்டமாக இருக்க, பாதத்தைப் பல வார்களால் அடித்தளத்துடன் பிணைத்து வைப்பது இதன் அடிப்படை அமைப்பாகும். வீட்டிலும் தெருவிலும் அணியும் ஹவாய் செருப்பிலிருந்து இதனை வேறுபடுத்துவது குதிகாலைச் சுற்றிச் செல்லும் பின்வார் ஆகும். பின்வார் இல்லாத செருப்பு எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் மலைப்பாதைக்கு உகந்ததன்று.

சங்க இலக்கியத்தில் செருப்பைக் குறிக்கத் தொடுதோல் என்னும் சொல் வழங்கியுள்ளது. மிதியடி, பாதக்குறடு, காலணி ஆகியவை பிற்கால வழக்குகள். கிடைத்துள்ள செருப்புகளுள் மிகப் பழையவை ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள ஃபோர்ட் ராக் குகையில் 1938 ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. புதர்ச்செடியின் பட்டையைத் திரித்துப் பின்னிய அவை ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவை. பழைய வண்டிச் சக்கரங்களின் ரப்பரை வெட்டிச் செய்யப்படும் டயர் செருப்பு தமிழ்நாட்டு உழவர்களிடையேயும் ஆடு மேய்ப்போரிடையேயும் நெடுங்காலம் புழங்கியது. இதே வகைச் செருப்பு வியட்நாமிலும், மெக்சிகோ மலைகளில் வாழும் தராகுமாரா மக்களிடையேயும் காணப்படுகிறது.

இன்று கடைகளில் கிடைக்கும் நடைச் செருப்பின் வடிவம் 1984 ஆம் ஆண்டில் தோன்றியது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் படகு வழிகாட்டியாக இருந்த மார்க் தாட்சர் என்பவர், ஆற்றில் இறங்கும்போது செருப்பு நழுவிப் போவதைத் தடுக்க அதனுடன் வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டை வார்களை இணைத்தார். இது டெவா என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒட்டுப்பட்டையின் மூலக் கருத்து, நாயின் உரோமத்தில் ஒட்டிக்கொண்ட முள்விதைகளைக் கண்ட சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவருடையது.

திருவில்லிபுத்தூர் - இராசபாளையம் பகுதியில் தேவை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. இம்மலைக்காடுகள் சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988 இல் அறிவிக்கப்பட்டன. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரியில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயின. காட்டழகர் கோயில், அய்யனார் அருவி, சதுரகிரி ஆகிய இடங்களுக்கு நடந்தே செல்ல வேண்டும். இராசபாளையம் வட்டத்துச் சோழபுரம் முதலிய ஊர்களில் வாழும் ஒருவர் ஒரே செருப்பை வயல் வரப்பிலும் தார்ச்சாலையிலும் மலைப்பாதையிலும் பயன்படுத்துவது இயல்பு. ஆனால் இம்மூன்று தரைகளும் செருப்பிடம் மூன்று வெவ்வேறு பண்புகளை எதிர்பார்க்கின்றன.

சமவெளியில் முதன்மையான பகை முள் ஆகும். சீமைக் கருவேலத்தின் முள் ஹவாய் செருப்பின் நுரைத் தளத்தை எளிதில் ஊடுருவிப் பாதத்தில் ஏறிவிடும். தேய்ந்த செருப்பாயின் நெருஞ்சி முள்ளே போதும். எனவே அடித்தளம் அடர்ந்த ரப்பராக இருத்தல் வேண்டும். மென்மையான நுரை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. டயர் செருப்பு கனமாகவும் கடினமாகவும் இருந்தும் கரிசல் காட்டில் விரும்பப்பட்டதற்கு இதுவே காரணம். மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பின் அடியில் அப்பிக்கொள்ளும். அடித்தளக் குமிழ்களுக்கு இடையே இடைவெளி குறுகலாக இருப்பின் மண் உதிராமல் இறுகி, செருப்பு வழவழப்பான கட்டையாகிவிடும்.

மலையில் நிலைமை வேறு. சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோயிலுக்கு வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் மாங்கேணி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை ஆகியவை வருகின்றன. இப்பெயர்களே பாதையின் தன்மையைச் சொல்லிவிடுகின்றன. நீர் வழியும் பாறையில் பிடிப்பைத் தருவது ஆழமான குமிழ்களன்று. பாறையுடன் படிந்து ஒட்டும் மென்மையான ரப்பரே ஆகும். கடினமான நெகிழித் தளம் காய்ந்த சாலையில் பல ஆண்டுகள் உழைக்கும்; ஈரப்பாறையிலோ சோப்பைப் போல வழுக்கும். மென்மையான ரப்பர் நன்கு பிடிக்கும், விரைவில் தேயும். இரண்டையும் ஒரே செருப்பில் முழுமையாகப் பெற இயலாது. நகத்தால் அழுத்தும்போது தளம் சற்றேனும் அமுங்குகிறதா என்று பார்ப்பது கடையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஆகும்.

எந்த ரப்பரும் பாசி படர்ந்த பாறையில் பிடிக்காது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2015 ஆம் ஆண்டு மே மாதம் சதுரகிரியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் யாத்திரிகர்கள் உயிரிழந்தனர். நீர் பெருகும் ஓடையைக் கடக்காமல் காத்திருப்பதற்கு மாற்றாக எந்தக் காலணியும் அமையாது.

அளவு

இந்தியக் கடைகளில் 6, 7, 8 என வழங்கும் எண்கள் பிரித்தானிய முறையைச் சேர்ந்தவை. இம்முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். 40, 41, 42 என வழங்கும் ஐரோப்பிய முறையில் இது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். இரு முறைகளின் படிகளும் சமமானவை அல்ல என்பதால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இணை எண்கள் தோராயமானவையே. செருப்புகள் பெரும்பாலும் அரை எண்களில் கிடைப்பதில்லை. ஆகையால் தன் எண் 8 என்று கருதும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தின் 7 சரியாகவும் மற்றொன்றின் 8 சிறியதாகவும் இருப்பது வியப்பன்று.

நீளத்தைக் காட்டிலும் அகலமே இந்தியப் பாதங்களுக்குச் சிக்கலானது. சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை நாடெங்கும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதங்கள் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானவை என்பது இதில் தெரியவந்தது. இதனடிப்படையில் இந்தியாவுக்கெனத் தனி அளவுமுறை ஒன்றும் முன்மொழியப்பட்டது. அகலம் போதாத செருப்பை வாங்குவோர் அதை ஈடுகட்ட நீளம் மிகுந்ததை எடுக்கின்றனர். அப்போது செருப்பு மடியும் இடமும் பாதம் மடியும் இடமும் பொருந்தாமல் போகின்றன. பெருவிரலின் அடியிலுள்ள பந்து போன்ற புடைப்பு, செருப்பின் மிக அகன்ற பகுதியின் மீது அமைய வேண்டும். இது அரை அங்குலம் தள்ளினாலும் வளைவுப் பகுதி குதிகாலில் இடிக்கும்.

பாதம் நாள் முழுதும் சற்று வீங்குகிறது. நடக்கும்போது மேலும் வீங்குகிறது. இதனால் மாலை வேளையில், சிறிது தூரம் நடந்த பின் செருப்பு வாங்குவது நல்லது. இரு பாதங்களும் பெரும்பாலோருக்குச் சமமாக இருப்பதில்லை. கடைக்காரர் ஒரு காலுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பது வழக்கமாயினும், இரண்டையும் அணிந்து பார்த்துப் பெரிய பாதத்துக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வார்களை முழுவதும் இறுக்கிய நிலையில், பெருவிரலுக்கு முன்னும் குதிகாலுக்குப் பின்னும் தளம் அரை செண்டிமீட்டர் முதல் ஒரு செண்டிமீட்டர் வரை நீண்டிருத்தல் சரியான அளவாகும். விரல் விளிம்பைத் தாண்டினால் முதல் கல்லிலேயே நகம் பெயரும். தளம் மிக நீண்டால் படியில் தடுக்கும்.

சமதரையில் நின்று பார்ப்பது போதாது. மலையில் ஏறும்போது பொருந்தும் செருப்பு இறங்கும்போது பொருந்தாமல் போகலாம், ஏனெனில் இறக்கத்தில் உடலெடை பாதத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. கடைவாசலில் சாய்தளம் இருந்தால் அதில் கீழ்நோக்கி நடந்து பார்க்கலாம். இல்லையெனில் ஒரு படியின் விளிம்பில் குதிகாலை வைத்து முன்பாதத்தைத் தாழ்த்திப் பார்த்தால், பாதம் வார்களுக்குள் நழுவுகிறதா என்பது தெரிந்துவிடும்.

வார்களும் தளமும்

நடைச் செருப்பில் பொதுவாக மூன்று வார்கள் உண்டு: விரல்களின் அடியில் ஒன்று, புறங்காலின் உயர்ந்த பகுதியில் ஒன்று, குதிகாலைச் சுற்றி ஒன்று. மூன்றும் தனித்தனியே சரிசெய்யக் கூடியவையாக இருத்தல் வேண்டும். பின்வாரை மட்டும் தைத்து நிலையாக்கிவிட்ட செருப்புகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவை குறிப்பிட்ட ஒரு பாத வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும்.

ஹவாய் செருப்பை அணிந்து நடப்பவர், அது கழன்று விழாதிருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்களை மடக்கி இறுக்குகிறார். இதை அவர் உணர்வதுகூட இல்லை. இத்தகைய செருப்பு அணிந்தோர் வழக்கத்தைவிடக் குறுகிய அடிகளை வைப்பதாக அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 இல் தெரிவித்தனர். கடைத்தெரு வரை சென்று வருவதில் இது பொருட்டன்று. பல மணிநேர நடையில் கெண்டைக்கால் வலியாக வெளிப்படும். மேலும் ஹவாய் செருப்பின் வார், பாதி வழியில் தளத்துளையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அதன் அடியில் ஊக்கு குத்தி நடப்பது அனைவரும் அறிந்த தற்காலிகச் சிகிச்சை.

வாரின் உட்புறம் மென்துணியாலோ நுரைத் துணியாலோ வரியப்பட்டிருக்க வேண்டும். கொப்புளம் வெறும் அழுத்தத்தால் தோன்றுவதன்று. தோலின் மேலடுக்கு ஒருபுறமும் உள்ளடுக்கு மறுபுறமும் மீண்டும் மீண்டும் இழுபடுவதால் இடையில் நீர் கோத்து உண்டாகிறது. ஈரமான தோலில் உராய்வு மிகுதி. ஓடையைக் கடந்தபின் வாரைத் தளர்த்தி மணலைக் கழுவி, கால் துடைத்து மீண்டும் கட்டுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும். இதைச் செய்யாதவர்கள் மறுநாள் வருந்துகின்றனர்.

தளம் பெரும்பாலும் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. தரையைத் தொடுவது ரப்பர். அதன் மேலுள்ளது அதிர்ச்சியைத் தாங்கும் நுரை. செருப்பின் முனையையும் குதியையும் பிடித்து வளைத்தால் அது விரல்களின் அடிப்பகுதியில் மடிய வேண்டும். நடுவில் மடியக் கூடாது. ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கினால் எளிதில் முறுகும் செருப்பு கற்பாதையில் கணுக்காலைச் சோர்வடையச் செய்யும். பாலியூரிதேன் நுரையாலான தளங்களுக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. அணியாமல் நெடுநாள் வைத்திருந்தாலும் காற்றின் ஈரப்பதத்தால் நுரை சிதைந்து, ஒருநாள் திடீரெனப் பொடிப்பொடியாக உதிரும். யாத்திரைக்கென்று பெட்டியில் பாதுகாத்து வைத்த செருப்பு அடிவாரத்தில் பிளப்பதன் காரணம் இதுவே. நெடுநாள் கழித்து எடுக்கும் செருப்பை முந்தைய வாரம் ஊரில் அணிந்து நடந்து பார்க்க வேண்டும். ஒட்டுத்தளம் உடையதாயின், செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து விளிம்பைச் சுற்றித் தைத்து வாங்கிக்கொள்ளலாம். செலவு சிறிது, பயன் பெரிது.

உணர்விழந்த பாதங்கள்

நீரிழிவு நோய் நெடுநாள் இருப்போருக்கு நரம்புகள் பழுதுபட்டுப் பாதத்தின் உணர்ச்சி குறைகிறது. முள் தைத்தாலும், பாறை சுட்டாலும், வார் தோலைக் கிழித்தாலும் இவர்களுக்குத் தெரிவதில்லை. செருப்பு காலிலிருந்து கழன்று போனதைக்கூட அறியாமல் சிலர் நடந்து செல்வதுண்டு. சிறு புண் சீழ் பிடித்து விரலையோ காலையோ நீக்க நேரிடுவது இவ்வாறே தொடங்குகிறது.

இத்துறையில் உலகத்துக்கு வழிகாட்டிய பணி தமிழ்நாட்டில் நடந்தது. 1914 இல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் பாதங்கள் நோயினாலேயே அழுகுகின்றன என்பது அன்றைய நம்பிக்கை. வலி தெரியாததால் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்பதை அவரும் அவருடைய குழுவினரும் காட்டினர். வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரி மருத்துவமனையிலும் அழுத்தத்தைப் பரப்பும் நுண்ணறை ரப்பர்த் தளம் கொண்ட செருப்புகள் நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு எனக் கடைகளில் இன்று விற்கப்படுவது இவ்வகையே ஆகும். மென்மையான நுண்ணறை ரப்பர் மேலேயும், முள் ஏறாத கடின ரப்பர் கீழேயும், குதிகாலில் பின்வாரும் இருப்பது இதன் முறையான அமைப்பு. பின்வாரும் கடினத் தளமும் இல்லாமல், மேலே மென்மையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அப்பெயரில் விற்கப்படுபவற்றைத் தவிர்க்க வேண்டும். விரலிடுக்கில் வார் செல்லும் செருப்பு உணர்விழந்த பாதத்துக்கு ஏற்றதன்று.

மலைக்கோயில்களுக்கு வேண்டுதலாகச் செருப்பின்றி ஏறுவோர் பலர். செருப்புடன் ஏறுவோரும் சன்னதிக்கு முன் கழற்றியாக வேண்டும். நண்பகல் வெயிலில் சுட்ட கற்றரையில் உணர்விழந்த பாதம் நிமிடங்களில் கொப்பளித்துவிடும். இத்தகையோர் காலை வெயில் ஏறுமுன் வழிபாட்டை முடித்துக்கொள்வதும், இயலாதபோது தடித்த பருத்திக் காலுறை அணிவதும் பாதுகாப்பானவை. உணர்ச்சி உள்ளதா என்பதை மருத்துவர்கள் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திச் சோதிக்கின்றனர். இச்சோதனைக்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். பாதயாத்திரை செல்ல எண்ணும் நீரிழிவு நோயாளிகள் புறப்படுமுன் இதனைச் செய்துகொள்ள வேண்டும்.

செருப்பு போதாத இடங்கள்

பாம்புக்கடிகளில் பெரும்பான்மை முழங்காலுக்குக் கீழேயே நிகழ்கின்றன. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உலவும் புதர்களில் இரவில் நடக்க நேர்ந்தால் மூடிய காலணியும் கைவிளக்கும் வேண்டும். திறந்த செருப்பு பொருந்தாது. மழைக்கால மேல்மலைக் காடுகளில் அட்டைகள் வாருக்கும் தோலுக்கும் இடையே புகுந்துகொள்கின்றன. கணுக்கால் முன்பே சுளுக்கியவர்களுக்கும், முதுகில் பெருஞ்சுமை தூக்கிச் செல்வோருக்கும் கணுக்காலை மூடும் காலணியே ஏற்றது.

புதுச் செருப்புடன் மலைக்குச் செல்வது பரவலான தவறு. குறைந்தது ஒரு வாரம் அன்றாட வேலைகளில் அணிந்து, வார் உறுத்தும் இடங்களைக் கண்டறிந்து சரிசெய்த பின்னரே நெடும்பயணத்துக்குப் பயன்படுத்த வேண்டும். பயணத்தின்போது ஒவ்வொரு முறை அணியும் முன்பும் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்து, பாதி ஏறி நிற்கும் முட்களைப் பிடுங்கிவிட வேண்டும். அவற்றை அப்படியே விட்டால் அடுத்த சில அடிகளில் தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.