மணமக்கள் கோப்பை: சிந்தாமல் இருப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் பரிசுக்கு ஜெர்மனியிலிருந்து நூரெம்பெர்க் மணமக்கள் கோப்பை வரவழைக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். வாசகர் கடிதங்களிலோ இந்தக் கோப்பையைப் பற்றிய குழப்பம் தீரவில்லை.

ஒரே நேரத்தில் இருவர் குடிப்பது எப்படி?

அகல விரிந்த பாவாடை அணிந்த பெண் உருவம். உயர்த்திய கைகளுக்கு நடுவே சிறு கிண்ணம். உருவத்தைத் தலைகீழாக்கினால் பாவாடையே பெரிய கோப்பையாகிறது. கிண்ணம் மட்டும் கவிழ்வதில்லை. விளிம்பை ஒட்டி இருபுறமும் உள்ள ஆணிகளில் அது தளர்வாகத் தொங்குகிறது. எடை முழுவதும் ஆணிகளுக்குக் கீழே இருப்பதால், ஊஞ்சல் பலகை போல எப்போதும் நேராகவே நிற்கும். பெரியதில் மணமகனும் சிறியதில் மணமகளும் குடிப்பார்கள்.

விளம்பரங்கள் சொல்லாத நிபந்தனை ஒன்று உண்டு. கிண்ணம் முன்னும் பின்னும்தான் ஆடும். எனவே இருவரும் எதிரெதிரே நின்று, உருவத்தின் கைகள் தங்களுக்கு இடவலமாக இருக்கும்படி பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்தால் நிச்சயம் சிந்தும். தலைகீழாக நிற்கும் பாவாடைக்கு அடிப்பீடமும் கிடையாது. நிரப்பிவிட்டால் காலி செய்யாமல் கீழே வைக்க முடியாது. பந்தயம் கட்டிக் குடிப்பவர்களும் இந்த வகைக் கோப்பையை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

காதல் கதை உண்மையா?

பிரபுவின் மகள் குனிகுண்டேயைக் காதலித்துச் சிறைப்பட்ட பொற்கொல்லர், விடுதலைக்காகச் செய்தது இது என்கிறார்கள் விற்பவர்கள். கதை நடந்ததாகச் சொல்லப்படுவது 15ஆம் நூற்றாண்டில். ஆனால், அருங்காட்சியகங்களில் உள்ள பெயர்பெற்ற நூரெம்பெர்க் கோப்பைகள் பெரும்பாலும் 1600ஐ ஒட்டியவை. வளையம் வைத்து விரித்த பாவாடை ஐரோப்பாவெங்கும் பரவியதும் 16ஆம் நூற்றாண்டில்தான். தன் காலத்து உடையைப் பார்த்தே பொற்கொல்லர் கோப்பையை வடித்தார். கதையை விட அந்தப் பாவாடை நம்பகமான சாட்சி.

‘பழம்பொருள்’ என்கிறார்களே?

முத்திரையைப் பாருங்கள். பிறையும் கிரீடமும் இருந்தால் அது 1888க்குப் பிந்தையது. அந்த ஜெர்மன் முத்திரை அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஹனாவ் நகரப் பட்டறைகள் பழைய பாணியில் ஏராளமான வெள்ளிப் பொருட்களைச் செய்து, பழைய முத்திரைகளைப் போன்ற குறிகளையும் பொறித்தன. குறி பழையதாகத் தெரிகிறது என்பது மட்டும் சான்றாகாது.

எல்லாமே வெள்ளியா? இல்லை, வெள்ளீயக் கலவையிலும் விற்கிறார்கள்.

பழையதில் குடிக்கலாமா? வேண்டாம், முலாமும் ஆணியும் தேய்ந்துபோகும்.

வாங்கலாமா? அந்த ஆணிகளின் நுட்பத்துக்காக வாங்குங்கள். கதைக்காகக் கூடுதல் விலை தராதீர்கள்.