களிம்பா, கத்தியா?

மலம் கழிக்கும்போது பிளேடால் அறுத்த மாதிரி வலி. கூடவே சொட்டுச் சொட்டாய்ச் சிவப்பு ரத்தம். எழுந்து வந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு உட்கார விடாத எரிச்சல். இப்படி வருகிறவர்களில் பலர், டாக்டரிடம் "பைல்ஸ் வந்துடுச்சு" என்றே ஆரம்பிக்கிறார்கள். உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது. ரத்தம் மட்டுமே போகும். கழிப்பறைக்குப் போகவே பயப்படும் அளவுக்கு வலி இருந்தால், அது ஆசனவாய் வெடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டாக்டர்கள் இதை ஃபிஷர் என்பார்கள்.

கூச்சத்தால் மாதக்கணக்கில் மறைத்துவிட்டு, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' நோட்டீஸை நம்பிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே என்ன பூசுகிறார்கள், எதை ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. இத்தனைக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய பரிசோதனை எதுவும் வேண்டியதில்லை. நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மார்போடு மடக்கச் சொல்லி, மெல்ல விலக்கிப் பார்த்தாலே வெடிப்பு தெரிந்துவிடும். வலி கடுமையாக இருக்கும் நாளில் விரல் விட்டுச் சோதிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

கையில் கீறினால் நாலு நாளில் ஆறுகிறது. இது மட்டும் ஏன் ஆறுவதில்லை? காரணம், ஆசனவாயின் உள்சுருக்குத் தசை. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. கெட்டி மலம் தோலைக் கிழித்ததும் அந்த வலியில் தசை இறுகுகிறது. இறுகிய தசை அந்த இடத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. ரத்தம் குறைந்தால் புண் ஆறாது. மறுநாள் மலம் போகும்போது மறுபடி கிழிகிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஸ்கௌட்டன் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். தசை இறுக்கம் கூடக் கூட, ஆசனவாயின் பின்புற நடுக்கோட்டில் ரத்த ஓட்டம் குறைவதை 1994இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. பத்தில் ஒன்பது வெடிப்புகள் வருவதும் அந்த இடத்தில்தான்.

ஆகவே களிம்பும் கத்தியும் செய்ய முயல்வது ஒரே வேலையைத்தான்: தசையைத் தளர்த்துவது. களிம்பு சில மணி நேரத்துக்குத் தளர்த்துகிறது. கத்தி நிரந்தரமாகத் தளர்த்துகிறது. எது தேவை என்பதைப் புண்ணின் வயதும் தசையின் நிலையும்தான் சொல்ல வேண்டும். நோயாளியின் துணிச்சலோ பயமோ அல்ல.

புதுப் புண்ணுக்குக் கத்தி தேவையே இல்லை. 1986இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்சன், முதன்முறையாக வெடிப்பு வந்த 103 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் களிம்பு, இன்னொன்றுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, மூன்றாவது குழுவுக்கு வெந்நீர்த் தொட்டியும் தவிடும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், தவிடும் வெந்நீரும் எடுத்தவர்களில் 87 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது. லிக்னோகெய்ன் குழுவில் 60 சதவீதம்தான். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கிவரும் மரப்புக் களிம்பு வலியை மறைக்கும். அதை மட்டும் நம்பிப் புண்ணை ஆற்ற முடியாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

வெந்நீர்த் தொட்டி என்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவது, அவ்வளவுதான். கிருமிநாசினி கலக்க வேண்டாம். கலந்தால் எரிச்சல்தான் கூடும். தவிட்டுக்குப் பதில் இசப்கோல் உமி எடுத்தால், அதை நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் மலம் இன்னும் கெட்டியாகும். இவ்வளவு எளிய வைத்தியத்தைப் பலர் நான்காம் நாள் வலி குறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். வலி போவதும் புண் ஆறுவதும் ஒன்றல்ல. "மருந்து கேட்கவில்லை, ஆபரேஷன் செய்துவிடுங்கள்" என்று வருகிறவரிடம், மருந்தை முழுதாக எடுத்தீர்களா என்று கேட்பதே நல்ல டாக்டரின் முதல் கேள்வி.

ஆறு முதல் எட்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் நாள்பட்டது. அதன் ஓரம் தடித்து, அடியில் தசை நார்கள் வெள்ளையாகத் தெரியும். வெளிமுனையில் சின்னத் தோல் மடிப்பு ஒன்று வளரும். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் பலர் மூலம் என்று முடிவு கட்டுகிறார்கள். இந்தக் கட்டத்தில் தவிடு மட்டும் போதாது.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் இங்கே களிம்பாக வந்து சேர்ந்தது. 1997இல் இங்கிலாந்தின் லண்ட், ஸ்கோல்ஃபீல்டு இருவரும் 80 பேரிடம் சோதித்ததில் களிம்பு பூசியவர்களில் 68 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத வெறும் களிம்பு பூசியவர்களில் 8 சதவீதம் பேருக்கும் குணமானது. அன்று எழுந்த உற்சாகம் நிலைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 49க்கு 36 என்று சுருங்கிவிட்டது. மண்டையைப் பிளக்கும் தலைவலி வேறு. வயாகரா வகை மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் களிம்பைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். தலைவலி குறைவு என்பதால் இப்போது பலரும் டில்டியாசெம் களிம்பை எழுதுகிறார்கள். பட்டாணி அளவு எடுத்து, உறை மாட்டிய விரலால் ஆசனவாயின் விளிம்பில் தடவ வேண்டும். தினம் இருமுறை, எட்டு வாரம் விடாமல். அதற்கும் ஆறாவிட்டால் போட்டாக்ஸ் ஊசி. அது தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்திவைக்கும்.

அதன் பிறகும் புண் ஆறவில்லை என்றால் அறுவையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. 1951இல் தென்னாப்பிரிக்காவின் ஐசன்ஹாமர் உள்சுருக்குத் தசையை வெட்டித் தளர்த்தும் முறையை விவரித்தார். பின்பக்கமாக வெட்டியபோது அந்த இடத்தில் பள்ளம் விழுந்து கசிவு உண்டானது. 1969இல் லண்டனில் நோட்டராஸ் பக்கவாட்டில், தோலுக்கு அடியில் வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் அடிப்படை அதுதான். கத்தி வெடிப்பைத் தொடுவதே இல்லை; பக்கத்தில் தசையின் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டினால், இறுக்கம் விட்டு வெடிப்பு தானே ஆறுகிறது. பெரும்பாலானவர்கள் அன்றே வீடு திரும்பலாம். கனடாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்தில் அறுவை செய்தவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது; நைட்ரோகிளிசரின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான்.

இவ்வளவு பலன் இருந்தும் டாக்டர்கள் தயங்குவதற்குக் காரணம், வெட்டிய தசையை மறுபடி பழையபடி ஆக்க முடியாது என்பதுதான். 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, நீண்ட காலத்தில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு ஏதோ ஒரு வகையில் கட்டுப்பாடு குறைந்திருந்தது. பெரும்பாலும் வாயு அடங்காமல் போவது, உள்ளாடையில் லேசான கறை. கெட்டி மலமே கட்டுப்படாமல் போனவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஐம்பது வயது ஆணுக்கு இது ஏற்கக்கூடிய விலையாக இருக்கலாம். சுகப்பிரசவத்தில் ஆழமாகக் கிழிந்து தையல் போடப்பட்ட பெண்ணுக்கு அப்படியல்ல. அவருடைய தசை ஏற்கெனவே பாதி பலவீனம். பிரசவத்துக்குப் பின் வரும் வெடிப்பில் பல சமயம் தசை இறுக்கமே இருக்காது. அவருக்கும், முன்பே பௌத்திர அறுவை செய்தவருக்கும், பக்கத்துத் தோலை நகர்த்திப் புண்ணை மூடும் முறை பாதுகாப்பானது. எத்தனை பிரசவம், எப்படி நடந்தது என்று கேட்காமலே அறுவைக்குத் தேதி கொடுத்தால், இன்னொரு டாக்டரிடமும் காட்டுவது நல்லது.

லேசர் விளம்பரங்களும் குழப்புகின்றன. லேசரால் வெட்டினாலும் வெட்டுப்படுவது அதே தசைதான். எவ்வளவு தூரம் வெட்டுவார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மயக்கம் கொடுத்து விரல்களால் விரித்துவிடும் பழைய முறையை ஒத்துக்கொள்ளவே வேண்டாம். தசை எங்கே, எவ்வளவு கிழியும் என்று அதில் யாராலும் சொல்ல முடியாது.

வெடிப்பு நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால், வலியே இல்லாவிட்டால், எடை குறைந்தால், களிம்பும் கத்தியும் காத்திருக்கட்டும். குடல் அழற்சியான க்ரோன் நோய், காசநோய், எச்.ஐ.வி. போன்றவை பின்னால் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

புண் ஆறிய பிறகும் தவிட்டை விடக்கூடாது. வெடிப்பு ஆறியவர்களை ஜென்சன் ஓராண்டு பின்தொடர்ந்து 1987இல் முடிவை வெளியிட்டார். தினமும் 15 கிராம் தவிடு சாப்பிட்டவர்களில் 16 சதவீதம் பேருக்கு மட்டுமே மறுபடி வந்தது. அளவைப் பாதியாகக் குறைத்து 7.5 கிராம் சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்துவிட்டது. தவிடே சாப்பிடாதவர்களின் 68 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை.