கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பவர் பட்டனை அழுத்தினேன். திரை கும்மிருட்டு. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஓர் ஆத்தங்குடித் தரைக்கல் திரையில் விரிந்தது! காரைக்குடியில் நண்பர் வீட்டு வளவில், தூணில் சாய்ந்தபடி, சின்னப்பிள்ளை போலக் கை தட்டிவிட்டேன்.

இதில் கை தட்ட என்ன இருக்கிறது? அந்த நொடியில் லினக்ஸ் இன்னும் கண் விழிக்கவே இல்லை. படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது அதற்கும் முன்னால் ஓடுகிற கோர்பூட் என்ற ஃபர்ம்வேர். 1999-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிக் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கியது. 2008-ல்தான் கோர்பூட் என்ற பெயர் வந்தது. திரையை எழுப்பும் வேலையைக் காலங்காலமாக வீடியோ பயாஸ் என்ற மூடிய நிரல்தான் செய்துவந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே இருப்பவர் படிக்க வழியில்லை. இப்போது படிக்கலாம், வரிவரியாக!

நண்பரிடம் இருப்பது பழைய திங்க்பேட் எக்ஸ்230. அதன் ஃபர்ம்வேர் 8 எம்பி, 4 எம்பி என இரண்டு சிப்களில் இருக்கிறது. எட்டுக் கால் சிப்பின் மேல் கிளிப்பைக் கவ்வவிட்டு, பழையதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுவிட்டுத்தான் புதியதை எழுதினார். கிளிப் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தப்பாகத்தான் படிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

இனி அந்த மூன்று எண்ணிக்கைக்குள் நடப்பதைக் கேளுங்கள். முதலில் ரேம் தயாராக வேண்டும். பிறகு, வீடியோ பயாஸுக்குப் பதிலாகத் திரையை எழுப்பும் லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் என்ற திறந்த நிரல் களமிறங்குகிறது. ஜெர்மனியின் செக்யூநெட் நிறுவனத்தில் நிக்கோ ஹூபர் எழுதியது. மொழி, ஏடாவின் ஸ்பார்க் வடிவம். ஓடும்போது நிரல் தடுக்கி விழாது என்பதைக் கணித முறையில் முன்கூட்டியே நிறுவ இடம் தருகிற மொழி.

அது முதல் காரியமாகப் பேனலிடம் விலாசம் விசாரிக்கிறது. பேனல் 128 பைட் ஜாதகத்தை நீட்டுகிறது: அகலம் 1366, உயரம் 768, எனக்குத் தோதான வேகம் இது. அந்த 128 எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் படித்தது தப்பு. எவ்வளவு அழகான காவல்!

அடுத்தது கடிகாரம். இந்த அளவுத் திரைக்கான ஒரு பொதுக் கணக்கில் வரிக்கு 1500 துடிப்பு, 800 வரி, நொடிக்கு 60 தடவை. பெருக்கினால் 7,20,00,000. நாம் பார்ப்பது 1366 தானே, மிச்சம் எதற்கு? பழைய படக்குழாய் டிவியில் கதிர் வரியின் கோடிக்குப் போய்த் திரும்பி வர அவகாசம் வேண்டியிருந்தது. குழாய் போய்விட்டது, அந்த இடைவெளி இன்னும் இருக்கிறது.

மின்சாரம் தருவதிலும் முறை உண்டு. முதலில் பேனலுக்கு மின்சாரம். கொஞ்சம் பொறுத்து சிக்னல். அது நிலைகொண்ட பிறகே பேக்லைட். அணைக்கும்போது இதே வரிசை தலைகீழ். ஆத்தங்குடிப் பட்டறையிலும் இப்படித்தான்: கண்ணாடிப் பலகையில் அச்சை வைத்து, சாயச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். பூவின் முகம் அதுவரை கண்ணாடியை ஒட்டியே கிடக்கும். கண்ணாடி கழன்றதும்தான் பளபளப்பு!

முந்தின இரவு எங்களுக்குப் படம் வரவில்லை. கறுப்பில் இரண்டு கறுப்பு உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நண்பர் விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் ஓரத்தில் கண்ணை வைத்தார். மெல்லிய ஒளி கசிந்தது. பேனலுக்கு உயிர் இருக்கிறது, படம்தான் இல்லை. லினக்ஸ் எழுந்த பிறகு, ஃபர்ம்வேர் ரேமில் எழுதிவைத்திருந்த குறிப்பைத் திறந்தோம். அவர் கொடுத்த படம் 1920-க்கு 1080. திரையில் அடங்காது! வெட்டிச் சின்னதாக்கியதும் சரியாகிவிட்டது.

கோர்பூட் இந்த ஒரு பழைய திங்க்பேடோடு நின்றுவிடவில்லை. 2023 அக்டோபரில் சென்னைக்கு அருகே ஃப்ளெக்ஸ் ஆலையில் எச்பி நிறுவனம் கூகுளோடு சேர்ந்து குரோம்புக் தயாரிக்கத் தொடங்கியது. குரோம்புக் கண் விழிப்பதும் கோர்பூட்டில்தான். சிப் நிறுவனம் தருகிற மூடிய துண்டுகள் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு மனக்குறைதான். ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் மடியில் அது இருக்கிறதே!

காபியோடு வந்த நண்பரின் தாயார் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கல்லு நல்லாத்தான் இருக்கு. நம்ம வீட்டு முகப்ப வைக்க முடியாதாப்பா?"

"வச்சிடலாம் ஆச்சி," என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். 1366-க்கு 768-ல் முகப்பு முழுசும் அடங்க வேண்டுமென்றால், தெருவின் எதிர்ச் சுவர்வரை பின்னால் போக வேண்டியிருந்தது.